ஜமாஅத் பதிவேட்டில் இல்லாத பிள்ளைகள்

(பிளஸ் டூ தேர்வு முடிவுகளையொட்டி கோவையில் நடந்த கல்வி வழிகாட்டி நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

ரிசல்ட் வந்த மறுநாள் நம் வீடுகளில் நடக்கும் பேச்சு உங்களுக்குத் தெரியாததல்ல. பையனுக்கு இன்ஜினியரிங்கா, பி.காமா? பெண்ணுக்கு பி.சி.ஏ. போதும். மார்க் குறைந்தவன் கடைக்கு வந்து கல்லாவில் உட்காரட்டும். சமூகவியல், தமிழ், சிறப்புக் கல்வி என்று ஒரு பிள்ளை வாய் திறந்தால் அத்தா கேட்கும் முதல் கேள்வி, "அதைப் படிச்சு என்ன பண்றது?"

நியாயமான கேள்விதான். முதல் போடுகிறவன் வரவைக் கேட்கத்தான் செய்வான். பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் நான் உங்களிடம் ஒன்று கேட்கிறேன்.

உங்கள் மஹல்லாவில் காது கேளாத பிள்ளைகள் எத்தனை பேர்? பார்வை இல்லாதவர்கள் எத்தனை பேர்? பத்து வயதாகியும் மூன்று வயதுக்கான பேச்சுகூட வராத பிள்ளைகள் எத்தனை பேர்? கோட்டைமேடு, உக்கடம், கரும்புக்கடை, குனியமுத்தூர், அந்தப் பக்கம் திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி என்று எந்த ஊர்ப் பதிவேட்டை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். சந்தா பாக்கி யார் யார் என்று இருக்கும். நிக்காஹ் விவரம் இருக்கும். இந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் இருக்க மாட்டார்கள்!

ஏன் இல்லை? மூத்தவளைப் பெண் பார்க்க வருகிறவர்கள் இளையவனைப் பார்த்துவிட்டால் சம்பந்தம் தட்டிப்போகும் என்று உள்ளறையில் வைத்துப் பூட்டியிருக்கிறோம். பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் பாங்கு சொல்ல நியமித்தார்கள், தாம் வெளியூர் போனபோது மதீனாவின் பொறுப்பையே ஒப்படைத்தார்கள் என்று மேடைதோறும் பயான் செய்கிறோம். பயான் முடிந்து வீட்டுக்குப் போனால் அறைக்கதவு பூட்டியபடியேதான் இருக்கிறது.

சட்டம் நம்மை விட வேகமாக நடந்துகொண்டிருக்கிறது. 1995-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைத்தான் கணக்கில் எடுத்தது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அதை 21 ஆக்கியது. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, தலசீமியா எல்லாம் அதில் சேர்ந்தன. 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமையாகிவிட்டது. அரசுப் பணியில் 3 சதவீதமாக இருந்த ஒதுக்கீடு 4 ஆனது. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், தொடக்கப் பள்ளியில் இத்தகைய 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று அளவு சொன்னது. அந்த அளவுக்கு ஆள் எங்கே? நாடு முழுவதும் தட்டுப்பாடு. நம் சமுதாயத்திலோ சிறப்பாசிரியர் என்று சொல்லி ஒருவரைக் கைகாட்டுவதே அரிது.

படிக்க நாம் டில்லிக்குப் போக வேண்டாம். பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலய வளாகத்தில், விவேகானந்தா பல்கலைக்கழகம் இதற்கென்றே தனிப் புலம் வைத்திருக்கிறது. பெண்பிள்ளைகளுக்கு அவினாசிலிங்கம் இருக்கிறது. 1957-இல் மனையியல் கல்லூரியாகத் தொடங்கி, 1988-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான நிறுவனம். அங்கே சிறப்புக் கல்வித் துறை உண்டு. "அவர்கள் நிறுவனமாச்சே" என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். நம்முடைய பெரிய மனிதர்கள் கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் அவர்கள் இதைக் கட்டினார்கள். குறை அவர்களிடம் இல்லை.

எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும், அந்தப் படிப்புக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் அந்த ஆண்டுக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் ஏறாதவர் இந்தத் தொழிலைச் செய்யக் கூடாது. போலிச் சான்றிதழ் வியாபாரம் இதிலும் நடக்கும். எச்சரிக்கை!

சம்பளம்? மறைக்க மாட்டேன். அரசுத் திட்டத்தில் வேலை செய்யும் சிறப்பாசிரியர்கள் பல ஆண்டுகளாகத் தொகுப்பூதியத்தில், ஒப்பந்தத்தில் இருந்துகொண்டு பணி நிரந்தரம் கேட்டுப் போராடியவர்கள். இன்ஜினியர் சம்பளத்தை எதிர்பார்த்து இதற்கு வராதீர்கள். ஆனால் வியாபாரப் பெருமக்களே, கணக்கு உங்கள் பக்கமும் இருக்கிறது. ஒரு வீட்டுக் கல்யாணத்தில் பிரியாணிக்கும் பந்தலுக்கும் ஆகும் செலவில் ஒரு பிள்ளையை பி.எட். சிறப்புக் கல்வி படிக்க வைத்துவிடலாம். பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்தால், படித்து வந்த அந்தப் பெண்ணுக்கு மதரஸா கட்டடத்திலேயே மாலை வகுப்புக்கு இடமும் மாதச் சம்பளமும் கொடுத்துவிடலாம்.

மொழிப் படிப்புக்கு வருகிறேன். காது கேளாத குழந்தைக்கு ஆறு வயதுக்குள் என்றால் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் செய்யப்படுகிறது. அதோடு வேலை முடிவதில்லை. அதன் பிறகு மாதக்கணக்கில் பேச்சுப் பயிற்சி வேண்டும். பயிற்சி ஆசிரியை தமிழில் சொல்லிக் கொடுக்கிறார். வீட்டில் தக்னி உருது. "இதை வீட்டில் தினமும் சொல்லிப் பழக்குங்க" என்றால் அந்த அம்மா எந்த மொழியில் பழக்குவார்? ராவுத்தர் வீட்டுத் தமிழும், தக்னி வீட்டு உருதும், பாலக்காட்டுப் பக்கத்து மலையாளமும் ஒரே சந்துக்குள் புழங்கும் ஊர் இது. இரண்டு மொழியிலும் எழுதப் படிக்கத் தெரிந்து, சிறப்புக் கல்வியும் கற்ற ஒரு பெண் இங்கே எத்தனை குடும்பங்களுக்குப் பயன்படுவார்! சைகை மொழியும் ஒரு மொழிதான். அதற்கென 2015-இல் டில்லியில் மத்திய அரசு தனி ஆராய்ச்சி, பயிற்சி மையமே தொடங்கியது.

பி.ஏ. தமிழ் என்றால் நம்மில் பலருக்கு இளக்காரம். சீறாப்புராணம் தந்த உமறுப்புலவரின் வாரிசுகள் நாம்! கவிக்கோ அப்துல் ரகுமான் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். 1999-இல் சாகித்திய அகாடமி விருது பெற்றவர். வரவு கேட்பவர்களுக்கு இன்னொரு செய்தி. 2021 டிசம்பர் அரசாணையின்படி டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் தமிழ்த் தாள் கட்டாயமானது. அதில் 40 சதவீதம் வாங்காதவரின் மற்றத் தாள்களைத் திருத்தவே மாட்டார்கள். மெட்ரிகுலேஷனில் படித்துத் தமிழைக் கோட்டைவிட்ட நம் பிள்ளைகள் அங்கேதான் வழுக்கி விழுவார்கள். 2007-இல் கிடைத்த 3.5 சதவீத உள்ஒதுக்கீடு தேர்வில் தேறியவனுக்குத்தான் பயன்படும்.

சமூகவியலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மனிதக் கூட்டம் எப்படி வாழ்கிறது, எப்படி எழுகிறது, எப்படி விழுகிறது என்பதை ஒரு தனிக் கலையாக 1377-லேயே எழுதியவர் துனீஸில் பிறந்த இப்னு கல்தூன். இன்று நிலைமை என்ன? தமிழ் முஸ்லிம் வியாபாரிகளைப் பற்றி 1972-இல் நூல் எழுதியவர் மாட்டிசன் மைன்ஸ் என்ற அமெரிக்கர். பல்லாவரத்தில் வந்து தங்கி, நம் கடைக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். 2006 நவம்பரில் வந்த சச்சார் குழு அறிக்கையை இன்றுவரை மேடைக்கு மேடை தூக்கிக் காட்டுகிறோம். அந்தக் குழுவில் டி.கே. உம்மன் என்ற சமூகவியலாளர் இருந்ததும், கணக்கெடுக்கத் தெரிந்தவர்களால்தான் அந்த அறிக்கை உருவானது என்பதும் நம் நினைவில் இல்லை.

1998-க்குப் பிறகு கோட்டைமேட்டைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. வெளியிலிருந்து வந்தார்கள், இரண்டு தெரு சுற்றினார்கள், எழுதினார்கள். நாம் கோபப்பட்டோம். சரி, நம்மிடம் என்ன கணக்கு இருந்தது எடுத்துக் காட்ட? எந்தத் தெருவில் எத்தனை வீடு, எட்டாம் வகுப்போடு நின்ற பெண்கள் எத்தனை பேர், விதவைகள் எத்தனை பேர்? வீடு வீடாகப் போய் மனம் புண்படாமல் கேட்பது எப்படி, கேட்டதைக் கூட்டிப் பெருக்கிச் சொல்வது எப்படி என்று சொல்லித் தருவது இந்தப் படிப்புதான். பாரதியார் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறை இருக்கிறது. கடையை விட்டு நகர முடியாத தம்பிகள் இக்னோவில் தபால் வழியாகவே பி.ஏ. சமூகவியல் படிக்கலாம். ஐ.ஏ.எஸ். மெயின் தேர்வுக்கு அது விருப்பப் பாடமும் ஆகும்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே ஒவ்வொரு மஹல்லாவிலும் இரண்டு இளைஞர்கள், இரண்டு சகோதரிகள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு கிளம்புங்கள். வீட்டுக்குள் போய்ப் பேச வேண்டியவர்கள் சகோதரிகள். பிள்ளையின் பெயர், வயது, என்ன குறைபாடு, பள்ளிக்குப் போகிறதா, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருக்கிறதா என்று கேட்டு எழுதினால் போதும். அட்டை இல்லாத பிள்ளைக்கு முதலில் அதை வாங்க வேண்டும். மருத்துவச் சான்று எங்கே, எந்த நாளில் தருகிறார்கள் என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நாளில் அம்மாவை மட்டும் பிள்ளையோடு பஸ் ஏற்றி அனுப்பாதீர்கள். அத்தா கடைக்கு ஒரு நாள் லீவு விட்டுக் கூடப் போக வேண்டும்.