மாட்டுக்குக் கடன் கொடுக்கும் முன் கொட்டாயைப் பார்ப்போம்

(கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் எங்கள் குழுவின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த இடத்தில் சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் என்றுதான் பேசுவோம். இன்றைக்கு நாங்கள் ஒயரைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். குழுவுக்கும் ஒயருக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் சிரிக்கிறீங்க. எங்கள் குழுவில் நடந்ததைக் கேட்டால் சம்பந்தம் புரியும்.

எங்கள் குழுவில் ஒரு அக்கா வங்கிக் கடனில் கறவை மாடு வாங்கினாங்க. விடியக்காலம் நாலரை மணிக்கே பால் கறந்து சொசைட்டிக்கு ஊத்தணும். இருட்டில் எப்படிக் கறக்கிறது? வீட்டு பிளக்கிலிருந்து ஒரு ஒயரை எடுத்து, துணி காயப்போடும் கம்பி மேலேயே சுற்றிக் கொண்டுபோய், கொட்டாய் தகரத்துக்குக் கீழே ஒரு பல்பு மாட்டினாங்க. நடுவில் இரண்டு இடத்தில் ஒட்டு. ஒன்றரை வருஷம் ஒண்ணும் ஆகவில்லை. ஒரு ஐப்பசி மழை ராத்திரியில் தகரம் உரசி ஒயரின் மேல்தோல் கிழிஞ்சுபோச்சு. தகரம், இரும்புக் கால், நனைந்த தரை எல்லாவற்றிலும் கரண்ட் பாய்ந்தது. காலையில் பார்த்தால் மாடு விறைத்துக் கிடக்குது. அக்கா அழுதுகொண்டே உள்ளே ஓடப் போனாங்க. மகன் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்ததால்தான் இன்றைக்கு நம்மோடு இருக்கிறாங்க.

மாடு போச்சு; தவணை போகவில்லை. மீதி 11 மாதத் தவணையை நாங்கள் எல்லாரும் பங்கு போட்டுத்தான் கட்டினோம்.

அக்காவை மட்டும் குறை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. கடன் கொடுக்கும்போது மாட்டுக்கு எத்தனை பல் என்று பார்த்தோம். எத்தனை லிட்டர் கறக்கும் என்று பார்த்தோம். மாடு கட்டுகிற இடத்தை ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகுதான் உரிமம் பெற்ற வயர்மேன் ஒருவரை அழைத்து, குழு மொத்தமும் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

பியூஸ் ஆளைக் காப்பாற்றாது

நம்மில் பலர் "பியூஸ் போயிடும், பயமில்லை" என்று நினைக்கிறோம். வீட்டில் இருக்கிற பியூஸ் 5 ஆம்பியர், 10 ஆம்பியர் என்று இருக்கும். அந்த அளவைத் தாண்டி ஓடினால்தான் உருகும். ஆனால் மனுஷ உடம்பில் 30 மில்லி ஆம்பியர், அதாவது ஒரு ஆம்பியரில் நூறில் 3 பங்கு, ஓடினாலே உயிருக்கு ஆபத்து. நம் வீட்டு 9 வாட் எல்.இ.டி. பல்பு எரிவதற்கே அதைவிட அதிகமாக ஓடுது. ஆக ஆள் துடித்துக்கொண்டிருந்தாலும் பியூஸ் சும்மாதான் இருக்கும். பியூஸ் ஒயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது.

ஆளைக் காப்பாற்றுவதற்கு வேறு கருவி இருக்குது. ஆர்.சி.சி.பி. என்பார்கள். கடையில் கேட்கும்போது "30 மில்லி ஆம்பியர்" என்று சொல்லிக் கேட்கணும். போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் கரண்ட் தரைக்குப் போனால்கூட கண் இமைக்கிற நேரத்தில் லைனை வெட்டிவிடும். அதில் ஒரு சோதனைப் பொத்தான் உண்டு. மாதம் ஒருமுறை அமுக்கினால் டக்கென்று விழணும். விழவில்லை என்றால் மாற்றணும். ஒரே நேரத்தில் இரண்டு ஒயரையும் தொட்டவரை இந்தக் கருவியாலும் காப்பாற்ற முடியாது. அதனால் கருவி இருக்குது என்று அசட்டையாக இருக்கக் கூடாது.

மாடு நம்மைவிடச் சீக்கிரம் போவது ஏன்?

மாட்டின் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே நல்ல தூரம். ஈரத்தரையில் கரண்ட் பரவும்போது முன்கால் வழியாக ஏறி, நெஞ்சைக் கடந்து, பின்கால் வழியாக இறங்கும். நமக்கு லேசாக ஜிவ்வென்று இருக்கிற இடத்தில் மாடு செத்துப்போகும். தொட்டியில் வாய் வைக்கும்போது மாடு வெடுக்கென்று தலையை இழுத்தாலோ, காரணமில்லாமல் தண்ணீர் குடிக்க மறுத்தாலோ திருஷ்டி கழிப்பதற்கு முன்னால் மெயினை அணைத்துவிட்டு வயர்மேனைக் கூப்பிடுங்க.

எப்படி லைன் இழுக்கணும்?

வீட்டு பிளக்கிலிருந்து எடுக்கக் கூடாது. மெயின் போர்டிலிருந்து கொட்டாய்க்கென்று தனியாக எம்.சி.பி.யும், மேலே சொன்ன ஆர்.சி.சி.பி.யும் வைத்து எடுக்கணும். பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் சேர்ந்த மூணு கோர் கேபிள் வேணும். பல்புக்கும் பேனுக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போதும். பிளக் வைத்தால் 2.5 வேணும். நடுவில் ஒட்டு கூடாது.

மண்ணுக்குள் கொண்டுபோனால், இரும்பு உறை போட்ட ஆர்மர்டு கேபிளை இரண்டரை அடி ஆழத்தில் மணல் பரப்பிப் புதைத்து, மேலே செங்கல் அடுக்கணும். நாளைக்கு மண்வெட்டி போடுகிறவருக்கு அதுதான் எச்சரிக்கை. மேலே கொண்டுபோனால் தனிக் கம்பி கட்டி, பீங்கான் வைத்து, வைக்கோல் வண்டி போனாலும் எட்டாத உயரத்தில் போகணும். துணிக் கம்பிக்கும் கரண்டுக்கும் சம்பந்தமே இருக்கக் கூடாது. ஈரத் துணியோடு அந்தக் கம்பியில் கை வைப்பது நாமதான்.

சுவிட்ச் மழைச்சாரல் படாத இடத்தில், மாட்டின் நாக்கும் கொம்பும் எட்டாத உயரத்தில் இருக்கணும். பல்பு வைக்கோலை ஒட்டி இருக்கக் கூடாது. தோட்டத்துக் குளியலறைக்கும் கழிப்பறைக்கும் சுவிட்ச் வெளியேதான்.

இன்னொரு பழக்கம் நம் பக்கம் உண்டு. ஒரே ஒரு ஒயரை இழுத்து, இன்னொரு முனையைத் தரையில் அடித்த கம்பியில் கட்டி பல்பு எரிப்பார்கள். அந்தக் கம்பியைச் சுற்றியுள்ள ஈரத்தரை முழுக்க கரண்ட் பரவும். இதை எங்கே பார்த்தாலும் உடனே நிறுத்தச் சொல்லுங்க.

எர்த் குழியில் குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடணும். கோடையில் தண்ணீர் ஊற்றி ஈரமாக வைக்கணும். காய்ந்துபோன எர்த் இருந்தும் பயன் குறைவு.

கொட்டாய் லைனிலிருந்து பன்றிக்காக வேலிக் கம்பிக்குக் கரண்ட் விடுவது குற்றம். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி பக்கம் அப்படிப்பட்ட வேலியில் மூன்று யானைகள் செத்தன. யானைக்கே அந்தக் கதி என்றால் புல் அறுக்கப் போகிற நமக்கு? அதேபோல் வீட்டு இணைப்பிலிருந்து மாவு மில்லுக்கோ கடைக்கோ எடுக்கக் கூடாது, அபராதம் வரும். பிரிவு அலுவலகத்தில் கேட்டுத் தனி இணைப்பு வாங்கணும். வெறும் வெளிச்சம் மட்டும் போதும் என்றால் ஒரு சோலார் விளக்கே போதும். கல்வராயன் மலையிலிருந்து வந்த சகோதரிகளுக்கு இது இன்னும் பொருந்தும்.

யாருக்காவது ஷாக் அடித்தால் தொடாதீங்க. முதலில் மெயினை அணைங்க. முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் ஒயரைத் தள்ளுங்க. பிறகு 108. தெருவில் மின்கம்பி அறுந்து கிடந்தால் கிட்டே போகாமல், 2021-ல் தொடங்கிய மின்னகத்துக்குச் சொல்லுங்க: 94987 94987.

எங்கள் தீர்மானம்

எங்கள் தீர்மானப் புத்தகத்தில் மூன்று வரி எழுதியிருக்கிறோம். ஒன்று, மாட்டுக் கடன், ஆட்டுக் கடன் கேட்டால் ஊக்குநரும் இரண்டு உறுப்பினர்களும் கொட்டாயை நேரில் பார்ப்பார்கள். இரண்டு, ஒயர் சரியில்லை என்றால் கடனை மறுக்க மாட்டோம். ஒயர் வேலைக்கும் சேர்த்து உள்கடன் கொடுப்போம். மூன்று, ஒவ்வொரு வருஷமும் ஐப்பசிக்கு முன்னால் எல்லார் வீட்டு ஒயரையும் பார்ப்போம்.

அந்த அக்கா மறுபடியும் மாடு வாங்கியிருக்கிறாங்க. கொட்டாய் லைனை முதலில் போட்டுவிட்டுத்தான் மாட்டை ஓட்டி வந்தாங்க. இப்போது மாதம் ஒருமுறை சோதனைப் பொத்தானை அமுக்குவது அவங்க வேலை. அமுக்கியாச்சா என்று கேட்பது எங்கள் வேலை. உங்கள் குழுவிலும் இந்த மூன்று வரியை அடுத்த கூட்டத்திலேயே எழுதுங்க என்று கேட்டு முடிக்கிறோம்.