வேலை மாறினும் உரிமை மாறாது



அண்ணல் அம்பேத்கர் வைசிராய் அவையில் தொழிலாளர் துறை உறுப்பினராயிருந்தபோது, 1943ஆம் ஆண்டில், தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வகுக்கும் பணி பேராசிரியர் அடார்கரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் விளைவே 1948ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டம்.

ஆயினும், தாம்பரம் ஏற்றுமதி வளாகத்தில் உழைக்கும் நம் பிள்ளைகளுள் சிலர், வேலை போனதும் அட்டை செல்லாது எனக் கருதிக் கடன்பட்டு வைத்தியம் பார்ப்பதை நாம் கண்டிருக்கிறோம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை உரிய நாட்களுக்குச் சந்தா செலுத்தியோர்க்கு, இடையில் வேலை போயினும், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை சிகிச்சை உண்டு. காப்பீட்டு எண்ணும் ஆயுள் முழுதும் ஒன்றே. புதிய முதலாளியிடம் பழைய எண்ணையே கொடுங்கள். இன்றேல் பழைய சந்தா கணக்கில் சேராது.

கற்றோர் இதனைக் கல்லாதோர்க்கு எடுத்துரைப்பதே நாம் ஏற்க வேண்டிய வெள்ளி விழாக் கடமை.