உம்மாவின் கூலி எந்தக் கணக்கில்?

(கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

இன்று உதவித்தொகை பெறும் பிள்ளைகளில் பலர் வணிகவியல் படிக்கிறார்கள். ஒரு தொழில் யோசனையை ஐந்து நிமிடத்தில் வகுப்பின் முன் நின்று சொல்வதும் இப்போது அவர்களுக்குப் பாடம். அதைப் 'பிட்ச்' என்கிறார்கள். பணம் போடுகிறவர் இடத்தில் ஆசிரியர் அமர்ந்து கேள்வி கேட்பார். நம் உதவியில் பி.காம். படிக்கும் ஒரு மாணவி, முதன்முறை அப்படி நின்ற அனுபவத்தை நம்மிடம் சொன்னார். அவருடைய அனுமதியோடு அதை உங்கள் முன் வைக்கிறோம்.

அவருடைய யோசனை நோன்புக் கஞ்சிக் கலவை. அரிசி நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், சீரகம் எல்லாம் பக்குவமாக வறுத்துக் கலந்து கால் கிலோ பாக்கெட்டாகப் போடுவது. வாங்குகிறவர் வேகவைத்துத் தாளித்தால் போதும். சாமான் 32 ரூபாய், கவரும் லேபிளும் 6 ரூபாய், விற்கும் விலை 60, லாபம் 22 என்று பலகையில் எழுதினார். தோழிகள் கை தட்டினார்கள்.

பிறகு பேராசிரியை கேட்டார்: "ரமலான் போன பிறகு பதினோரு மாதம் யார் வாங்குவார்கள்? கடையில் வைத்தால் கடைக்காரருக்கு என்ன கொடுப்பாய்? இதை வறுத்துக் கலப்பது யார்?" கடைசிக் கேள்விக்கு மட்டும் உடனே பதில் வந்தது: "என் உம்மா." "உம்மாவுக்கு எவ்வளவு கூலி எழுதியிருக்கிறாய்?" அங்கே பிள்ளைக்குப் பேச்சு நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்து உம்மாவோடு உட்கார்ந்து கணக்குப் போட்டார். 40 பாக்கெட்டுக்கு ஐந்து மணி நேரம். மணிக்கு 80 ரூபாய் என்றால் 400 ரூபாய், பாக்கெட்டுக்கு 10. கடைக்காரருக்கு நூற்றுக்கு 15 வீதம் 9 ரூபாய். 22 ரூபாய் லாபம் 3 ரூபாயாகிவிட்டது. கேஸ் செலவும் அதற்குள்தான். "வீட்டில் செய்வதற்கு யாராவது கூலி கேட்பார்களா?" என்று உம்மா சிரித்தாராம். ஆனால் மகள் லாபம் என்று எழுதியதில் ஏறக்குறையப் பாதி அந்த உம்மாவின் கூலி.

பெரியோர்களே, இந்தக் கணக்கு நமக்குப் புதிதா? கதீஜா நாயகி (ரலி) அவர்களின் சரக்கை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஷாம் தேசத்துக்குக் கொண்டுசென்று வணிகம் செய்தார்கள். முதல் ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது, லாபத்தில் இருவருக்கும் பங்கு என்பதுதான் முளாரபா. உழைப்பைப் பங்காக மதிக்கும் இந்த முறையை மதரஸாவில் ஓதுகிறோம். நம் வீடுகளில் இடியாப்பம் பிழிந்தும் துணி தைத்தும் கொடுக்கிற பெண்களின் உழைப்பு மட்டும் ஏன் எந்த நோட்டிலும் ஏறுவதில்லை?

அந்த மாணவிக்கு அன்று முதல் மதிப்பெண் கிடைக்கவில்லை. யோசனையை அவர் கைவிடவும் இல்லை. முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் ஆண்டு முழுவதும் தேவைப்படும் கஞ்சியாக மாற்றி, கடைக்குக் கொடுக்காமல் வீடுகளுக்கு நேரில் விற்பதாகத் திட்டத்தைத் திருத்தியிருக்கிறார். செலவுப் பட்டியலின் முதல் வரி, உம்மாவின் கூலி.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை யோசனை சொன்னால் சிரிக்காதீர்கள். உடனே மெச்சிவிடவும் வேண்டாம். யார் வாங்குவார், எவ்வளவு செலவாகும், யார் உழைக்கிறார் என்று கேளுங்கள். கடைக் கணக்கு நோட்டை மகனுக்குக் காட்டுவதுபோல் மகளுக்கும் காட்டுங்கள். வகுப்பில் நிற்பதற்கு முன் பேசிப் பழக விரும்பும் மாணவ மாணவியர் ஞாயிறு அஸருக்குப் பின் நம் அலுவலகத்துக்கு வரலாம். கேள்வி கேட்க நாங்கள் இருக்கிறோம். உணவுப் பொருள் விற்க நினைப்போர் முதலில் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். அதற்கான விண்ணப்பத்தையும் நிரப்பித் தருகிறோம்.

நம் பிள்ளைகளின் முயற்சியில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! வஸ்ஸலாம்.