மணலும் ஏடும்: வயது வந்தோரின் பன்மொழிக் கல்வி



இம்மாநாட்டைத் தொடங்கிவைக்கும் பொறுப்பை எனக்கு அளித்தமைக்கு நன்றி. இங்கே அமர்ந்திருக்கும் பலருடைய நூல்களைப் படித்துத்தான் நான் இத்துறைக்கு வந்தேன். அவர்கள் முன்னிலையில் தலைமையுரை ஆற்றுவது பெருமையாகவும் இருக்கிறது, சற்று அச்சமாகவும் இருக்கிறது.

வயது வந்தோர் பல அயல்மொழிகளைக் கற்பதில் உள்ள இடர்கள் என்பது மாநாட்டின் பொருள். குறிப்பிட்ட வயதுக்குப் பின் மொழி கற்கும் திறன் குறையும் என்று லென்னபர்க் 1967இல் முன்வைத்த பருவ எல்லைக் கருத்தையும் அதன்மேல் எழுந்த வாதங்களையும் இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மூன்றாம் மொழியைப் பேசும்போது, முன்பு கற்ற அயல்மொழி இடையில் புகுவதும் தெரிந்த செய்தி. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட சாரா வில்லியம்ஸ் ஸ்வீடிஷ் பேச முயன்றபோது, ஏற்கெனவே கற்றிருந்த ஜெர்மன் சொற்கள் தாமாகவே வந்து விழுந்தன. அவரும் ஹம்மார்பெர்கும் 1998இல் அதைப் பதிவு செய்தார்கள். இவற்றை அடுத்தடுத்த அமர்வுகள் விரிவாகப் பேசும். நான் வேறொரு சான்றை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

1706 ஜூலை 9 அன்று, 24 வயது நிறைவதற்கு முதல் நாள், கிறித்தவச் சமயப் பணியாளர் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். ஜெர்மானியரான அவருக்கு அந்தக் கடற்கரையில் புழங்கிய போர்த்துக்கீசியமும் தேவைப்பட்டது, தமிழும் தேவைப்பட்டது. உள்ளூர் ஆசிரியர் ஒருவரின் பள்ளியைத் தம் வீட்டிலேயே நடத்தச் செய்து, பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். இந்த நிகழ்ச்சியை நம் துறையில் சொல்லாதவர் இல்லை. குழந்தையாக மாறினால்தான் பெரியவருக்கு மொழி வரும் என்பதற்கு அதையே சான்றாகவும் காட்டுகிறார்கள்.

அப்படிக் காட்டும் நண்பர்கள்மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் மணலோடு அவர்கள் நிறுத்திவிடுகிறார்கள். அதே சீகன்பால்கு சில ஆண்டுகளில் தம் அன்றாட வேலைமுறையைக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். காலை 7 முதல் 8 வரை, முன்பு கற்ற சொற்களையும் தொடர்களையும் மீளப் பார்க்கிறார். 8 முதல் 12 வரை, தாம் இதுவரை படித்திராத தமிழ் ஏடுகளைப் படிக்கிறார். பொருள் சொல்ல ஓர் ஆசிரியரும், புதிய சொற்களைக் குறித்துவைக்க ஓர் எழுத்தரும் அருகில் இருக்கிறார்கள். பிற்பகல் 3 முதல் 5 வரை மீண்டும் ஏடு. விளக்கொளியில் கண்ணை வருத்தாமல் இருக்க, இரவு 7 முதல் 8 வரை ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார். ஆக, நாளுக்கு எட்டு மணி நேரம் தமிழ்.

இது குழந்தை கற்கும் முறையா? திட்டமிட்ட மீள்பயிற்சி, சொற்பட்டியல், நூல்களில் தேர்ந்த நடையைப் பார்த்துப் பின்பற்றுதல் என யாவும் முதிர்ந்த மனத்தின் கருவிகள். மணல் அவருக்கு எழுத்தைத் தந்தது. 1708இல் தமிழ் நூல்களுக்குக் குறிப்புகளோடு ஓர் அட்டவணை தொகுக்கும் அளவுக்கு அவரை உயர்த்தியவை ஏடுகளே.

ஒரு தனிமனிதரை வைத்துப் பொது முடிவு சொல்லலாமா என்று மூத்த அறிஞர் ஒருவர், இதைச் சொன்ன என் கட்டுரைக்கு மறுப்பு எழுதினார். நியாயமான கேள்விதான். அப்படியானால் மணல் நிகழ்ச்சிக்கும் அதே விதி பொருந்த வேண்டும். ஒருவரை விட்டுப் பலரைப் பார்ப்பதிலும் எனக்குத் தடையில்லை. நெதர்லாந்தில் டச்சு மொழி கற்ற ஆங்கிலம் பேசுவோரைக் கேத்தரின் ஸ்னோவும் ஹூஃப்னாகல்-ஹோலும் ஆராய்ந்து 1978இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தொடக்க மாதங்களில் வேகமாக முன்னேறியவர்கள் வளரிளம் பருவத்தினரும் பெரியவர்களும். எல்லாத் தேர்வுகளிலும் பின்தங்கியவர்கள் 3 முதல் 5 வயதுக் குழந்தைகள். நம் பாடத்திட்டக் குழுக்கள் இந்த ஆய்வைப் போதிய அளவு பொருட்படுத்தியதில்லை.

ஹார்ட்ஷோர்ன் குழுவினர் 2018இல் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் ஆங்கில இலக்கண அறிவைக் கணித்து, கற்கும் திறன் 17 வயதை ஒட்டிச் சரிவதாகச் சொன்னது எனக்கும் தெரியும். தாய்மொழியாளரைப் போன்ற முழுமையை எட்டுவது எவ்வளவு கடினம் என்பதற்கு அது வலுவான சான்று. உச்சரிப்பிலும் சிறு வயதினருக்கு உள்ள வாய்ப்பை நான் மறுக்கவில்லை. ஆயினும் நம் மாலை வகுப்புக்கு வருகிறவர் கேட்பது அந்த முழுமையையா? படிக்கவும், உரையாடவும், வேலை செய்யவும் போதுமான மொழியைத்தானே கேட்கிறார்? அதை வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கற்பித்துவிட்டு, அவர் தேறாதபோது மூளை முதிர்ந்துவிட்டது என்று சொல்கிறோம்.

பல மொழி என்னும் சிக்கலுக்கும் தரங்கம்பாடியிலேயே ஒரு விடை இருக்கிறது. சீகன்பால்கும் உடன் வந்த புளூட்சோவும் வேலையைப் பங்கிட்டுக்கொண்டார்கள். புளூட்சோ போர்த்துக்கீசியத்தில் கவனம் செலுத்தினார், சீகன்பால்கு தமிழில் ஆழ்ந்தார். இரண்டு புதிய மொழிகள் ஒருவருடைய ஒரே நாளுக்குப் போட்டியிட்டால் இரண்டும் மெலியும். ஒன்று வேரூன்றிய பிறகு அடுத்ததைத் தொடங்குவதே அறிவுடைமை என்பது என் துணிபு.

ஆகவே இங்கே படிக்கப்படும் கட்டுரைகளிடம் ஒன்று கேட்கிறேன். கற்றவரின் வயதைக் குறிக்கும் இடத்திலேயே, அவர் நாளுக்கு எத்தனை மணி நேரம் படித்தார், பொருள் சொல்ல அருகில் யார் இருந்தார், அதே காலத்தில் வேறு எந்த மொழியைச் சுமந்தார் என்பவற்றையும் குறியுங்கள். அந்தக் கணக்கு இல்லாமல் தோல்வியை வயதின் தலையில் கட்டும் முடிவு எதையும் இந்த அவை ஏற்கக் கூடாது. இந்த வேண்டுகோளோடு மாநாட்டைத் தொடங்கிவைக்கிறேன்.