பத்து ஓவருக்கு ஒரு டீ

'செல்போன் மனிதர்களைச் சேர்த்து வைக்கிறது' என்று எதிரணி அம்மையார் அழகாகப் பேசினார். பேசிவிட்டு உட்கார்ந்ததும் என்ன செய்தார்? பக்கத்திலிருந்த தன் அணிக்காரரைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. போனை எடுத்துவிட்டார்! (சிரிப்பு)

நான் இந்த ஊரிலே படித்தவன். அப்போ காலேஜ் ரோட்டில் ஒரு பேக்கரி. மர ஸ்டாண்டின் மேல் கலர் டி.வி. கிரிக்கெட் நடந்தால் கடைக்கார அண்ணன் ஒரு சட்டம் போட்டிருந்தார்: பத்து ஓவருக்கு ஒரு டீ. குடிக்காதவன் வெளியே போகணும். இரண்டு அணியும் ஆடி முடிப்பதற்குள் பத்து டீ. ராத்திரி தூக்கம் வருமா? (சிரிப்பு)

1987 அக்டோபர் 9, வெள்ளிக்கிழமை. உலகக் கோப்பை, சேப்பாக்கத்திலே ஆஸ்திரேலியாவோடு ஆட்டம். டி.வி.யில் இந்தியும் இங்கிலீஷும்தான். சென்னையில் ஆட்டம் என்றால் வானொலியில் தமிழ் வர்ணனை உண்டு; சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றவர்கள் பேசினால் பந்து கண்ணுக்கே தெரியும். அதனாலே டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு, ரேடியோவைத் திருகி வைப்பார் அண்ணன். படம் டெல்லியோடது, குரல் நம்மளோடது!

பக்கத்திலே என் நண்பன். எட்டாவதோடு நின்றுவிட்டு பனியன் கம்பெனியிலே கட்டிங் பக்கம் வேலை பார்த்தவன். அன்றைக்கு அரை ஷிப்டை விட்டுவிட்டு வந்திருந்தான். இந்த ஊரிலே சனிக்கிழமைதானே சம்பளம்? வெள்ளிக்கிழமை எவன் கையிலும் காசு இருக்காது. என் டீயும் அவன் கணக்கில்தான் எழுதினார்கள்.

டீன் ஜோன்ஸ் அடித்த ஒரு பந்து நாலா, ஆறா என்று தகராறு. இடைவேளையிலே கபில்தேவ் 'ஆறுதான்' என்று ஒப்புக்கொண்டார். 268 என்பது 270 ஆச்சு. கடைசியில் நாம் 269-இல் ஆல் அவுட். ஒரே ஒரு ரன்! கடையே செத்த வீடு மாதிரி. 'அந்த ரெண்டு ரன்னைக் கபில் குடுத்திருக்க வேண்டாம்' என்றார் ஒருத்தர். என் நண்பன் சொன்னான்: 'அரை நாள் கூலி எனக்குத்தானுங்க போச்சு. ஆனாலும் ஆறு ஆறுதானுங்களே!' (கைதட்டல்)

2025 ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அதே கடைக்குப் போனேன். அண்ணன் இல்லை, மகன் இருக்கிறார். டி.வி. இல்லை. திண்டுக்கல்லில் டி.என்.பி.எல். இறுதி ஆட்டம், நம்ம திருப்பூர் தமிழன்ஸ் ஆடுகிறார்கள். அதே நேரத்தில் இங்கிலாந்தில் எட்ஜ்பாஸ்டன் டெஸ்ட்; பீகார்க்காரர் ஆகாஷ் தீப் பந்து போடுகிறார். கடையில் பாதி நம்ம பையன்கள், பாதி பீகார்ப் பையன்கள். பகலெல்லாம் பக்கத்துப் பக்கத்து மெஷினில் தைக்கிறவர்கள். இங்கே ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு ஆட்டம். ஒருத்தன் 'சிக்ஸ்!' என்று கத்துகிறான். பக்கத்து மேஜைக்காரன் போனிலே அந்தப் பந்து இன்னும் போடவே இல்லை! (சிரிப்பு) ஒரே ஆட்டத்தைக்கூட ஒண்ணா பார்க்க முடியலை, நடுவர் அவர்களே.

எதிரணிக்கு ஒரு பாயிண்டை இலவசமாகத் தருகிறேன். ஆகாஷ் தீப் கடைசி விக்கெட்டை எடுத்ததும் (அந்த டெஸ்டிலே அவருக்கு அது பத்தாவது) ஒரு பீகார்ப் பையன் வீடியோவிலே அப்பாவைக் கூப்பிட்டான். ரெண்டு பேரும் பேசவே இல்லை, சிரித்துக்கொண்டே இருந்தார்கள். அதை நான் மறைக்க மாட்டேன். ஆறு ஆறுதான்.

நண்பனைப் பற்றி விசாரித்தேன். 'டி.வி.யை எடுத்ததிலிருந்து அவர் வர்றதில்லீங்க சார். பின்னாடி சந்துதான் வீடு.' போனேன். தனியாக உட்கார்ந்து அதே இறுதி ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். சத்தமே இல்லை. என்னைப் பார்த்து எழுந்து 'வாங்க' என்றான். 'டா' போட்டவன்!

'இப்போ தமிழிலேயே சொல்றாங்களேப்பா, சத்தம் வைக்கக்கூடாதா?'

'தனியா கேட்க என்னமோ மாதிரி இருக்குதுங்க.'

'பத்து ஓவர் ஆச்சா?' என்றேன். ஒரு நிமிஷம் என்னையே பார்த்தான். அப்புறம் உள்ளே திரும்பி, 'ரெண்டு டீ போடு, இவன் கணக்கும் என்னோடதுதான்' என்றான். (கைதட்டல்)

அன்றைக்குத் திருப்பூர் 118 ரன் வித்தியாசத்தில் கோப்பையை வென்றது. என் போனில் தொள்ளாயிரம் பேர் நம்பர் இருக்கிறது. அவன் நம்பர் அன்றைக்குத்தான் ஏறியது. இத்தனை வருஷம் நான் கூப்பிடாதது போனோட குத்தமா, என்னோட குத்தமா? அதையும் சேர்த்தே தீர்ப்பில் சொல்லிவிடுங்கள், நடுவர் அவர்களே.