கத்தரியும் அயல்மொழியும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நம் சங்கத்து மேடையில் இதுகாறும் சட்டக் கல்வி பற்றியும், மருத்துவக் கல்வி பற்றியும், அரசுப் பணித் தேர்வுகள் பற்றியும் உரைகள் நிகழ்ந்துள்ளன. இன்று முடிதிருத்தும் தொழிலைப் பற்றியும், அத்தொழிலுக்காக அயல்மொழி கற்பதைப் பற்றியும் பேச முன்வந்துள்ளோம். முதியோர் சிலருக்கு இது மனத்தாங்கலைத் தரக்கூடும். சாதித் தொழிலிலிருந்து பிள்ளைகளை மீட்கத்தானே இரவுப் பள்ளி நடத்தினோம், இப்போது அவர்கள் கையில் கத்தரியைக் கொடுப்பதா என்று கேட்பர். நியாயமான கேள்விதான். எனினும் மன்றத்துப் பிள்ளைகள் சிலர் இத்தொழிலைக் கற்க விரும்புகின்றனர். அவர்களுக்கு நாம் விடை கூறியாக வேண்டும்.

அந்த நாற்காலியோடு நமக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. மதுரையைச் சூழ்ந்த சிற்றூர்கள் பலவற்றில் ஊர்ச் சலூனில் நம்மவர் அமர இடம் கிடைத்ததில்லை. மேலூருக்கோ திருமங்கலத்துக்கோ உசிலம்பட்டிக்கோ பேருந்தேறிப் போய், தம்மை இன்னாரென்று அறியாதவர் கடையில் தலையைக் காட்டித் திரும்பியவர்கள் இந்த அரங்கிலேயே அமர்ந்திருக்கின்றனர். 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில் 'கடை' என்ற சொல்லின் பொருள் குறித்து வினா எழுந்தது. அச்சொல்லை விரிந்த பொருளிலேயே ஆண்டிருப்பதாகவும், நாடி வருவோர்க்குத் தம் சேவையைத் தர முன்வருவோரின் இடமெல்லாம் அதில் அடங்கும் என்றும் அண்ணல் அம்பேத்கர் விளக்கினார். 1955 ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், 1976 இல் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாற்றப்பட்டது. கடை என்பதற்கு அச்சட்டம் தரும் விளக்கத்தில் சலவை நிலையமும் முடிதிருத்தகமும் பெயர் சுட்டியே குறிக்கப்பட்டுள்ளன. அவற்றைப் பெயர் சுட்டிச் சொல்ல வேண்டியிருந்தது என்பதிலேயே நம் பாட்டன்மார் பட்ட பாடு தெரிகிறதன்றோ?

இதனால் மருத்துவர் குலத்தாரைப் பழிக்கிறோம் என்று எவரும் எண்ணலாகாது. ஊராரின் ஆதிக்கத்துக்கு அஞ்சியே அவருள் பலர் கதவடைத்தனர். பேறு பார்த்ததும் புண்ணுக்கு மருந்திட்டதும் அவர்கள் குடும்பத்தாரே. அவர்களுக்கும் ஊர் தந்தது களத்து நெல்லும் ஏளனச் சொல்லும்தாம்.

இன்று அத்தொழிலின் வாயில் மாறியிருக்கிறது. தொழிற்பயிற்சி நிலையங்களில் அழகுக்கலை ஓராண்டுப் பயிற்சியாகக் கற்பிக்கப்படுகிறது. 1974 இல் தோன்றிய தாட்கோ நிறுவனமும் நம் பிள்ளைகளுக்குத் தொழிற்பயிற்சிகள் அளித்து வருகிறது. பிறப்பினால் வந்த தொழில் சான்றிதழினால் வரும் தொழிலாகிவிட்டது. நமக்கு மூடியிருந்த கதவுக்கு உட்புறம் நாமே நின்று, வருபவர் எவராயினும் அமரச் செய்வதில் இழிவு எதையும் நாம் காணவில்லை.

இனி மொழிக்கு வருவோம். மதுரை நகரின் சலூன்களில் வடமாநில இளைஞர்கள் பணியாற்றுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். வந்த புதிதில் கண்ணாடியைக் காட்டியும் விரலைக் காட்டியும் வேலை செய்தவர், சில திங்களில் "கிருதாவ எறக்கவா, ஏத்தவா?" என்று கேட்கிறார். எந்த இலக்கண நூலையும் அவர் புரட்டவில்லை. தொழிலுக்கு எந்தச் சொற்கள் வேண்டுமோ அவற்றை நாற்காலியின் அருகே நின்றே கற்றுக்கொண்டார். நம் இளைஞர் வெளிநாடு செல்லும்போது இதையே செய்ய இயலும். போகுமுன்னரே தொடங்கினால் இன்னும் நன்று.

மலேசியாவை எடுத்துக்கொள்வோம். அங்கே இந்திய முடிதிருத்தகங்களை நடத்துவோரில் மிகப் பலர் தமிழர். 2009 முதல் வெளிநாட்டுப் பணியாளரை அக்கடைகளுக்குப் புதிதாக எடுப்பதை அந்நாட்டரசு நிறுத்தியிருந்தது. 2023 இல் மீண்டும் இசைவு அளித்தது. முதலாளியிடம் தமிழில் பேசலாம். நாற்காலியில் வந்து அமர்பவரோ மலாய்க்காரராகவும் சீனராகவும் இருப்பார். அவரிடம் மலாய் வேண்டும்.

அந்த மொழியில் முடிதிருத்தகத்துக்கு 'கெடாய் குந்திங் ரம்புட்' என்று பெயர். ரம்புட் என்றால் முடி, குந்திங் என்றால் கத்தரி. கெடாய் என்பது நம் கடையேதான். மீசைக்கு அவர்கள் சொல்லும் 'மிசாய்' என்பதும் தமிழ்தான். நம் வணிகர் கொண்டு சென்ற சொற்கள் நமக்கு முன்பே அங்கே குடியேறிவிட்டன! பெண்டெக் என்றால் குட்டை; சிக்கிட் என்றால் கொஞ்சம்; லாகி என்றால் இன்னும்; சுக்குப் என்றால் போதும். எரிகிறதா, வலிக்கிறதா என்று கேட்க 'சாகிட்' என்ற ஒரு சொல் போதுமானது.

அமெரிக்காவில் இதே நிலை ஸ்பானிய மொழிக்கு உண்டு. அங்கே வீட்டில் ஸ்பானியம் பேசுவோர் 4 கோடிக்கும் மேற்பட்டோர். கலிபோர்னியாவில் முடிதிருத்துவோருக்கான உரிமத் தேர்வை ஸ்பானியத்திலும் எழுதலாம், வியட்நாமியத்திலும் எழுதலாம். ஆங்கிலம் மட்டும் அறிந்தவர்கள் தொழிலின் பொருட்டு ஸ்பானியம் கற்கின்றனர். பெலோ என்றால் முடி, கோர்த்தோ என்றால் குட்டை, பிகோத்தே என்றால் மீசை. இவற்றினும் முதன்மையானது 'உஸ்தெத்' என்னும் சொல். நம் நீ, நீங்கள் போல அவர்களுக்குத் தூ, உஸ்தெத் என இரண்டு உண்டு. உஸ்தெத் என்பது, பிரபுக்களை 'தங்கள் கருணை' என்று விளித்த பழைய தொடர் தேய்ந்து வந்த சொல். இன்று நாற்காலியில் அமரும் கட்டடத் தொழிலாளியையும் அச்சொல்லால் அழைக்கலாம். வயதில் மூத்தவரையும் பெயரைச் சொல்லி ஒருமையில் கூப்பிட்ட தெருக்களிலிருந்து வந்த நமக்கு, மரியாதைச் சொல்லின் அருமையை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. எந்த மொழியாயினும் அதை முதல் நாளே கற்றுக்கொள்ளுங்கள். மலாயில் மூத்தவரை 'அபாங்', அதாவது அண்ணன் என்றே அழைக்கலாம்.

மொழியும் நமக்கு எளிதில் கிட்டிய பொருளன்று. பள்ளியில் சமஸ்கிருதம் மறுக்கப்பட்டுப் பாரசீகம் கற்க நேர்ந்தவர் அண்ணல் அம்பேத்கர். இரட்டைமலை சீனிவாசன் அவர்களோ தென்னாப்பிரிக்காவில் மொழிபெயர்ப்பாளராகவே பணியாற்றினார்.

கற்கும் முறை பற்றி ஒன்று கூறுவோம். எண்கள், தலையின் பகுதிகள், அளவுச் சொற்கள், மரியாதைச் சொற்கள் என 200 சொற்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி, ஒருவர் நாற்காலியிலும் ஒருவர் பின்னாலும் நின்று பேசிப் பழகுங்கள். புரியாததற்குத் தலையாட்டும் வழக்கம் மட்டும் வேண்டாம். வேறு கடையில் தவறான பொருளைக் கொடுத்துவிட்டால் மாற்றித் தரலாம். வெட்டிய முடியை ஒட்ட முடியாது. மீண்டும் கேட்பதை எந்த ஊர்க்காரரும் குறையாக எண்ணமாட்டார்.

ஊதியத்துக்கும் மொழி வேண்டும். 'காஜி' என்றால் சம்பளம், 'சூட்டி' என்றால் விடுமுறை. ஒப்பந்தத் தாளில் இவ்விரண்டும் எங்குள்ளன, எதிரே என்ன எண் எழுதியிருக்கிறது என்று பார்க்கத் தெரியாமல் கையொப்பமிடாதீர்கள். பத்தாம் வகுப்புத் தேறாதவர் வேலைக்காகச் செல்லுமுன் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டிய நாடுகளில் மலேசியாவும் ஒன்று. ஆகவே பள்ளியைப் பாதியில் விட்ட தம்பியர் முதலில் தேர்வை எழுதி முடிப்பது நலம். சுற்றுலா விசாவில் அனுப்பி வைக்கிறேன், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லும் முகவரிடம் பணம் கட்ட வேண்டாம். உரிமம் பெற்ற முகவர்தாமா என்பதைச் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் கேட்டறியலாம். விதிகள் அடிக்கடி மாறுவன. சென்ற ஆண்டு போய்வந்தவர் சொல்வதை மட்டும் நம்பிப் புறப்படாதீர்கள். போய்ச் சேர்ந்தபின் கடவுச்சீட்டு உங்கள் பெட்டியிலேயே இருக்கட்டும். உரிய அதிகாரமின்றிப் பிறர் அதை வாங்கி வைத்துக்கொள்வது மலேசியச் சட்டப்படியும் குற்றமாகும். கடவுச்சீட்டுக்கு மலாயிலும் பாஸ்போர்ட் என்றே பெயர். அந்த ஒரு சொல்லைப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை.