கூலியைக் கேட்குமுன் அட்டவணையைக் கேளுங்கள்

(கடலடித் தொழிலுக்குப் பயிற்சி பெற விரும்பும் இளைஞர்களிடையே ஆற்றிய உரை)



கடலுக்கடியில் இறங்கி வேலை செய்யும் டைவர் தொழிலுக்குப் போகலாமா என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். தாராளமாகப் போகலாம். எண்ணெய்க் குழாயை இணைப்பது, துறைமுகச் சுவரைச் சோதிப்பது, கப்பலின் அடிப்பாகத்தைச் செப்பனிடுவது எல்லாம் ஃபிட்டரும் வெல்டரும் செய்கிற வேலைகள்தாம். செய்கிற இடம்தான் வேறு. நீந்தத் தெரிந்தால் மட்டும் போதாது. முதலில் ஒரு கைத்தொழிலை ஒழுங்காகக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஆனால், கூலி எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. அது என்ன?

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வாயுமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டரில், மேலே இருப்பதைப்போல் நான்கு மடங்கு. அந்த அழுத்தத்தில் நாம் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் கொழுப்பிலும் கரைகிறது. அவசரமாக மேலே வந்தால், சோடாப் புட்டியைத் திறந்தது போல அது குமிழியாகப் பொங்கும். மூட்டில் பொங்கினால் தாங்க முடியாத வலி. தண்டுவடத்தில் பொங்கினால் கால்கள் விழுந்துவிடும். உயிரே போவதும் உண்டு.

எனவேதான், எந்த ஆழத்தில் எத்தனை நிமிஷம் இருந்தால் எங்கெங்கே நின்று நின்று மேலே வரவேண்டும் என்று ஓர் அட்டவணை இருக்கிறது. பிரிட்டிஷ் விஞ்ஞானி ஹால்டேன் வெள்ளாடுகளைக் கொண்டு சோதனை செய்து 1908-ல் இத்தகைய அட்டவணையை வெளியிட்டார். டைவரின் உயிர் அந்தக் காகிதத்தில் இருக்கிறது.

ஆழம் இன்னும் கூடினால் ஹீலியம் கலந்த வாயுவைச் சுவாசிக்க வேண்டும். கப்பலிலுள்ள எஃகு அறையில், கடலடியின் அழுத்தத்திலேயே, வாரக்கணக்கில் வசிக்க வேண்டும். ‘பெல்’ என்ற கூண்டில் இறங்கி வேலை பார்த்துவிட்டு அதே அறைக்குத் திரும்ப வேண்டும். 100 மீட்டர் ஆழத்து வேலை முடிந்து வெளிக்காற்றுக்கு வரச் சுமார் 4 நாட்கள் பிடிக்கும். பெற்ற தாய் இறந்தாலும் நடுவில் கதவைத் திறக்க முடியாது.

வடகடல் தரும் பாடம்

நார்வேயை அடுத்த வடகடலில் 1960-களில் எண்ணெய் தேடினார்கள். 1969-ல் எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. நாடு செல்வத்தில் கொழித்தது. அடியில் இறங்கிக் குழாய்களை இணைத்தவர்கள் டைவர்கள். ஆனால், அவர்கள் மேலே வரவேண்டிய அட்டவணைகளைக் கம்பெனிகள் வியாபார ரகசியமாக வைத்திருந்தன! ஏன்? சீக்கிரம் மேலே கொண்டுவரும் கம்பெனிக்குப் போட்டியில் லாபம். அந்த வேகத்தில் எவ்வளவு ஆபத்து என்பது, உடம்பைப் பணயம் வைத்தவனுக்குத் தெரியாது.

1983 நவம்பர் 5-ந் தேதி, ஃபிரிக் வயலில் ‘பைஃபோர்ட் டால்ஃபின்’ மேடையில் என்ன நடந்தது? அறையின் கதவு மூடுமுன்னே, பெல்லை இணைத்திருந்த கவ்வி திறக்கப்பட்டது. 9 வாயுமண்டல அழுத்தம் ஒரு நொடிக்குள் 1 ஆயிற்று. 4 டைவர்களும் ஓர் உதவியாளரும் மாண்டனர். இன்னோர் உதவியாளர் படுகாயமடைந்தார். மனிதத் தவறு என்றார்கள். அழுத்தம் இருக்கும்வரை திறக்கவிடாத பூட்டு ஒன்று அந்தக் கவ்வியில் இல்லையே, அது யார் தவறு?

முன்னாள் டைவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. ஒன்றுசேர்ந்து ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2004-ல் நார்வே நாடாளுமன்றம் நஷ்டஈட்டுத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. ஏழு பேர் ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றம் வரை சென்றனர். 2013 டிசம்பர் 5-ல் தீர்ப்பு வந்தது. அவர்களது முறையீடுகள் எல்லாவற்றையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொன்னது: அட்டவணைகளின் ஆபத்து பற்றிய முக்கிய விவரம் டைவர்களுக்குக் கிடைக்கும்படி செய்ய அரசு தவறியது, அது உரிமை மீறல்.

நீங்கள் கேட்க வேண்டியவை

ஆகவே, வேலையில் சேருமுன் கேளுங்கள். எந்த அட்டவணைப்படி எங்களை மேலே கொண்டுவருவீர்கள்? அதை எங்கள் கையில் கொடுப்பீர்களா? நோய் கண்டால் உடனே சிகிச்சை தர அழுத்த அறை பக்கத்தில் இருக்கிறதா? ஒருவர் இறங்கும்போது இன்னொரு டைவர் உடையணிந்து மேலே தயாராக நிற்பாரா? ஒவ்வொரு இறக்கமும் லாக் புத்தகத்தில் பதிவாகுமா? வருஷந்தோறும் வைத்தியப் பரிசோதனை உண்டா?

இவற்றைத் தனியொருவன் கேட்டால், “நாளை முதல் வராதே” என்று சொல்லிவிடுவார்கள். இறங்குகிற அத்தனை பேரும் சேர்ந்து கேளுங்கள். பதில் வந்த பிறகு கூலியைப் பேசுங்கள். அதையும் சேர்ந்தே பேசுங்கள்!